விட்ட லோ கார்ப்பை மறுபடி தொடங்க வெட்கமாக இருக்கிறது, எப்படித் தொடங்குவது?

மழைவெயில் (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எனக்கு 43 வயது. ஐந்து வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு லோ கார்ப், அதாவது மாவுச்சத்தைக் குறைத்த உணவுமுறை, தொடங்கியபோது எடை 84 கிலோ, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 8.1. ஒரு நாளைக்கு 20 கிராம் மாவுச்சத்துக்கு மேல் போகாமல் எட்டு மாதம் இருந்தேன். காலையில் முட்டை, மதியம் கீரையோடு மீனோ கோழியோ, இரவில் காய்கறி. ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு வேளையும் எழுதினேன். எடை 70 கிலோவுக்கு வந்தது, எச்பிஏ1சி 6.2 ஆனது. நான் போட்டுவந்த இரண்டு சர்க்கரை மாத்திரைகளில் கிளைமிபிரைடை மருத்துவர் நிறுத்திவிட்டு மெட்ஃபார்மினை மட்டும் தொடரச் சொன்னார். அந்த மாத்திரைச் சீட்டை வீட்டுக்கு எடுத்து வந்து எல்லோருக்கும் காட்டினேன்.

அப்புறம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. மருத்துவமனையில் 19 நாள் இருந்தார். நானும் தம்பியும் இரவில் மாறி மாறி உடனிருந்தோம். நான்காவது இரவோ ஐந்தாவது இரவோ, மணி மூன்று இருக்கும், வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் தம்பி வைத்துவிட்டுப் போன பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன். முதலில் இரண்டு. அப்புறம் பாக்கெட் முழுவதும். அந்த நேரத்தில் அது தப்பாகவே தோன்றவில்லை, ஆறுதலாக இருந்தது. காலையில்தான் மனசு கனத்தது. நோட்டை எடுத்தேன், எழுதக் கை வரவில்லை. அன்று எழுதாததால் மறுநாளும் எழுதவில்லை.

அப்பா குணமாகி வீடு திரும்பிவிட்டார். இப்போது தினமும் நடக்கப் போகிறார். நான்தான் அந்த நாற்காலியை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை போலிருக்கிறது. பதினோரு மாதம் ஆகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறு இரவும் நாளைக்குத் தொடங்கிவிடலாம் என்று படுப்பேன். திங்கள் மதியத்துக்குள் ஏதாவது ஒன்று நடந்துவிடும். சரி, அடுத்த திங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த வாரம் முழுக்க முன்பைவிட அதிகமாகச் சாப்பிடுவேன். எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். போன வாரம் தைரியம் வந்து ஏறிப் பார்த்தேன். 79.5. நான்கு மாதத்துக்கு முன்பு எடுத்த எச்பிஏ1சி 7.9. மருத்துவர் கிளைமிபிரைடை மறுபடி சேர்த்தார். உணவில் மாற்றம் உண்டா என்று கேட்டார், பெரிதாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.

எடையைவிட என்னை அதிகம் வாட்டுவது இன்னொன்று. அலுவலகத்தில் என்னை அக்கா என்று அழைக்கும் ஒரு பெண் இருக்கிறாள். நான் மெலிந்ததைப் பார்த்து அவளும் தொடங்கினாள். அப்போது அவளுக்கு நான் நிறைய அறிவுரை சொன்னேன். "மனசு வைத்தால் முடியாதது எது? முடியவில்லை என்று சொல்கிறவர்கள் மனசு வைக்காதவர்கள்" என்று அவளிடம் மட்டுமல்ல, சாப்பாட்டு மேசையில் இருந்த எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் 11 கிலோ குறைந்தாள், இன்றும் டப்பாவில் முட்டையும் கீரையும்தான் கொண்டுவருகிறாள். நான் இப்போது அவளோடு சாப்பிடுவதில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கு மேல் தனியாகப் போகிறேன். அவள் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பரவாயில்லை.

நான் கேட்க நினைப்பது இவைதான். இரண்டாவது முறையும் உடம்பு அதேபோல் ஒத்துழைக்குமா? மறுபடி 20 கிராமிலிருந்து தொடங்க வேண்டுமா? ஒருமுறை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் இந்த வெட்கத்தை என்ன செய்தீர்கள்?

---

கணக்கு வாத்தியார்

சகோதரி, நான் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். மனசைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. நீங்கள் கொடுத்த எண்களைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

நம் உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிடங்கு நிரம்பியிருந்தால் அது மட்டுமே 2 கிலோவுக்குப் பக்கம் வரும். லோ கார்ப்பில் முதல் வாரம் மளமளவென்று குறைவதும், விட்டால் இரண்டு மூன்று நாளில் ஏறுவதும் பெரும்பாலும் இதுதான். அந்த மருத்துவமனை நாட்களில் மெஷினில் ஏறியிருந்தால் 2 கிலோ கூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1 கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. 2 கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் 15,400 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு பிஸ்கட் பாக்கெட்டால் ஆகிற காரியமில்லை.

84-லிருந்து 70. பிறகு 79.5. திரும்ப வந்தது 9.5 கிலோ. அதில் 2 கிலோவைத் தண்ணீர்க் கணக்கில் எழுதினால் உண்மையில் ஏறியது ஏழரை கிலோ அளவில்தான். பதினோரு மாதம் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் இருந்தும், தொடங்கிய இடத்தைவிட 4.5 கிலோ கீழேதான் இருக்கிறீர்கள். இந்த எண்ணை உங்கள் கேள்வியில் நீங்கள் எழுதவே இல்லை. கவனித்தீர்களா?

எச்பிஏ1சி பற்றியும் ஒன்று. இரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அது அளக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் அந்தச் சோதனை கடந்த மூன்று மாதத்தைத்தான் காட்டும். இன்று தொடங்கினால் மூன்று மாதம் கழித்து வரும் எண்ணில் அந்த வராந்தா இரவுக்கு இடமே இருக்காது.

---

மூன்றாம்சுற்று

தங்கச்சி, "அன்று எழுதாததால் மறுநாளும் எழுதவில்லை" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில் நின்றுவிட்டேன். எனக்கு நடந்ததும் அதுவே.

எனக்கு 56 வயது. மூன்று முறை விட்டுவிட்டு மூன்று முறை திரும்பி வந்தவன். பெயரும் அப்படி வைத்துக்கொண்டதுதான். முதல் முறை விட்டபோது திரும்ப ஐந்து மாதம் ஆனது. காரணம் பசியோ ஆசையோ அல்ல. என் மகள் "அப்பா, மறுபடியுமா?" என்று ஒருநாள் கேட்டாள். அவள் சாதாரணமாகக் கேட்டாள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அதன் பிறகு வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். மறைத்துச் சாப்பிட்டால் அளவு தெரியாது, ருசியும் தெரியாது. வேகமாக முடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். மூன்று மணிக்கு மேல் தனியாகச் சாப்பிடப் போகிறேன் என்று நீ எழுதியதைப் படித்தபோது அந்தக் காரின் வாசனை எனக்கு வந்தது.

இரண்டாவது முறை ஆறு வாரத்தில் திரும்பினேன். மூன்றாவது முறை ஒன்பது நாள். அதற்குப் பிறகும் வழுக்கியிருக்கிறேன், ஆனால் எதையும் "விட்டுவிட்டேன்" என்று எண்ண வேண்டியிருக்கவில்லை. அடுத்த வேளைக்கோ அதற்கடுத்த வேளைக்கோ திரும்பிவிடுகிறேன்.

நான் மாற்றியது ஒன்றே ஒன்று. முன்பெல்லாம் எத்தனை நாள் தவறாமல் இருந்தேன் என்று எண்ணுவேன். நாற்பது நாள், ஐம்பது நாள் என்று ஏறும். ஒருநாள் தவறினால் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் நோட்டை மூடுவேன். இப்போது அந்த எண்ணிக்கையையே வைத்துக்கொள்வதில்லை. தவறிய வேளைக்கும் திரும்பிய வேளைக்கும் நடுவில் எத்தனை வேளை போனது என்பதை மட்டும் எழுதுகிறேன். "இடைவெளி 3", "இடைவெளி 1" என்று. இதில் ஜெயிப்பதற்குத் தவறாமல் இருக்க வேண்டியதில்லை, சீக்கிரம் திரும்பினால் போதும்.

அதனால் திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதே. செவ்வாய் இரவு வேளையிலிருந்து தொடங்கு. வியாழன் மதியம் தொடங்கு. நல்ல நாள், முதல் தேதி, பிறந்தநாள் என்று எதுவும் வேண்டாம். பாதி நாளில் தொடங்குவதில் ஒரு நன்மை இருக்கிறது: அந்த நாள் ஏற்கெனவே சுத்தமாக இல்லை, அதனால் அதைக் கெடுத்துவிடுவோம் என்ற பயமும் இல்லை.

பழைய நோட்டைத் தூக்கிப் போடாதே. அதே நோட்டில், விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே எழுது. புது நோட்டு வாங்கினால் பழையதை ஒளித்துவைக்கத் தோன்றும்.

---

இரவுப்பணி

அக்கா, நான் செவிலியர். மற்றதையெல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும், நான் மாத்திரை பற்றிச் சொல்ல வேண்டும். தயவுசெய்து இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கிளைமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் ரொட்டி சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். இப்போது உங்களுக்குக் கொடுத்திருக்கும் அளவு, இப்போது நீங்கள் சாப்பிடும் சாப்பாட்டுக்கானது. அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு திடீரென்று 20 கிராமுக்கு இறங்கினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, படபடப்பு, தலை கிறுகிறுப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் உடனே 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போது "டயட் கெட்டுவிடுமே" என்று யோசிக்கவே கூடாது. அது மருந்து.

மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் இந்தப் பயம் மிகக் குறைவு. இன்சுலின் போடுகிறவர்களுக்குப் பயம் அதிகம். இதைப் படிக்கும் வேறு யாராவது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை எடுத்தால் அவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. மாவுச்சத்தை மிகவும் குறைக்கும்போது, சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் சிலருக்குக் குறைக்க வேண்டியிருக்கும். ஆகவே மருத்துவரிடம் பேசாமல் இறங்காதீர்கள்.

நீங்கள் அவரிடம் "பெரிதாக மாற்றம் இல்லை" என்று சொன்னதைப் படித்து வருத்தப்பட்டேன். உங்கள் மேல் குறை சொல்ல வரவில்லை. நோயாளிகள் எங்களிடம் இதை மறைப்பதைத் தினமும் பார்க்கிறேன், திட்டுவோம் என்று நினைத்துத்தான் மறைக்கிறார்கள். சில இடங்களில் திட்டவும் செய்கிறார்கள், அதுவும் உண்மை. ஆனால் நீங்கள் சொல்லாவிட்டால், முன்பு வேலை செய்த உணவுமுறை இப்போது வேலை செய்யவில்லை என்று அவர் நினைத்து மருந்தைத்தான் கூட்டுவார். போனில் ஒரு வாக்கியம் போதும்: "டாக்டர், நான் பதினோரு மாதமாகப் பழைய உணவுமுறையில் இல்லை, மறுபடி தொடங்கப் போகிறேன், மாத்திரையை எப்படி மாற்றுவது?"

முதல் வாரத்தில் தலைவலி, அசதி, கெண்டைக்கால் இழுப்பு வரலாம். இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் அதிகமாக வெளியேற்றும். அதனால் வருவது. தண்ணீரும் உப்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகத் தொல்லை இருப்பவர்கள் உப்பைக் கூட்டும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பசியைப் பற்றியும் ஒன்று சொல்ல ஆசை. எடை குறைந்தவர்களின் பசி ஹார்மோன்களை ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரன் குழு ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டது. 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்து எடை குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்தும் அவர்களுக்குப் பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தே இருந்தது, வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் தாழ்ந்தே இருந்தது. உடம்பு பழைய எடையைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 14 கிலோ குறைந்த உடம்போடு, தூக்கமில்லாமல், அந்த 19 நாளில் தம்பியோடு மாறி மாறி இரவில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தப் பசிக்கு வெட்கப்பட என்ன இருக்கிறது அக்கா?

---

மழைவெயில்

எல்லோருக்கும் நன்றி. 4.5 கிலோ என்ற எண்ணை வாத்தியார் ஐயா எழுதும்வரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை, உண்மைதான். இரவுப்பணித் தங்கைக்கு: நாளை காலை மருத்துவரைக் கூப்பிடுகிறேன். அதுவரை எதையும் மாற்றவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் நெருடுகிறது. இதையெல்லாம் படிக்கும்போது தெம்பாக இருக்கிறது. அலுவலகத்தில் அவள் டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் எல்லாம் போய்விடுகிறது.

---

நிழல்மரம்

உளவியல் படித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். சிகிச்சை தருபவள் அல்ல.

"சரி, அடுத்த திங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த வாரம் முழுக்க அதிகமாகச் சாப்பிடுவேன்" என்றீர்களே, அதற்கு நம் ஊர்ப் பேச்சிலேயே பெயர் இருக்கிறது: முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு. 1975-ல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மாக் இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலருக்கு மில்க்ஷேக் கொடுத்துவிட்டுப் பிறகு ஐஸ்க்ரீமை எவ்வளவு வேண்டுமானாலும் ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்ஷேக் குடித்த பிறகு ஐஸ்க்ரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். உணவைக் கட்டுப்படுத்தி வாழ்கிறவர்கள், மில்க்ஷேக் குடிக்காதபோது சாப்பிட்டதைவிட, குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். இன்றைய கட்டுப்பாடு எப்படியும் உடைந்துவிட்டது என்ற எண்ணம்தான் அவர்களைச் சாப்பிட வைத்தது என்பது ஹெர்மனும் பின்னாளில் ஜேனட் பொலிவியும் கொடுத்த விளக்கம்.

அப்படியானால் அந்த எண்ணத்தை யாராவது மென்மையாக்கினால் என்ன ஆகும்? 2007-ல் கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி இருவரும் 84 கல்லூரிப் பெண்களை வைத்துப் பார்த்தார்கள். டோனட் சாப்பிட்ட பிறகு ஒரு பகுதியினரிடம், இதை எல்லோரும்தான் சாப்பிடுகிறார்கள், உங்களையே கடிந்துகொள்ளாதீர்கள் என்ற பொருளில் இரண்டு வார்த்தை சொன்னார்கள். கட்டுப்பாட்டோடு சாப்பிடும் பெண்களில், அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் அடுத்து வைத்த மிட்டாய்களைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். கேட்காதவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள். தன்னைத் திட்டிக்கொண்டால்தான் ஒழுங்கு வரும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். இந்தச் சோதனையில் நடந்தது நேர்மாறு.

இனி நான் சொல்லப்போவது வலிக்கலாம். "முடியவில்லை என்று சொல்கிறவர்கள் மனசு வைக்காதவர்கள்." இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னவர் நீங்கள். இன்று உங்களைத் தினமும் தீர்ப்புச் சொல்லிக் கொல்வதும் இதே வாக்கியம்தான். அந்தப் பெண் உங்களை எதுவும் சொல்லவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவள் வாயில் உங்கள் வாக்கியத்தை நீங்கள் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வாக்கியம் தவறு என்று இப்போது உங்களுக்குத் தெரியும், உங்கள் உடம்பே அதற்குச் சாட்சி. அதை அதே மேசையில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்காக மட்டும் சொல்லவில்லை, அன்று அதைக் கேட்ட மற்றவர்களுக்காகவும்.

---

பாதிவழி

எல்லோரும் எப்படித் திரும்புவது என்று பேசுகிறீர்கள். எதற்குத் திரும்புவது என்று நான் கேட்கிறேன். கட்டாயம் 20 கிராம்தானா?

20 கிராமில் ஒரு பிஸ்கட்டுக்குக் கூட இடம் கிடையாது. அப்படிப்பட்ட விதியை மருத்துவமனை வராந்தாவுக்குக் கொண்டுபோனால் அது உடையத்தான் செய்யும். நான் ஒரு வருடம் 20-ல் இருந்து, விட்டு, இப்போது 90-லிருந்து 100 கிராமில் மூன்று வருடமாக இருக்கிறேன். உடம்பு சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரித்து ஓடும் கீட்டோசிஸ் நிலை வராது. எடை மெதுவாகத்தான் குறைந்தது. ஆனால் ஒரு பழம் சாப்பிடலாம், கொஞ்சம் பருப்பு வகை சாப்பிடலாம், யார் வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்து சாப்பிடலாம். எனக்கு இதுதான் ஒத்துவந்தது. உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதை உங்கள் மீட்டர் சொல்லும்: சாப்பிடும் முன்பு ஒருமுறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள்.

ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை வைத்து ஒரு வருடம் நடத்திய ஆய்வு 2018-ல் வந்தது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ குறைந்தார்கள், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் இருந்த வித்தியாசம் மிகப் பெரியது. சிலர் 25 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள், சிலருக்கு எடை கூடியது. உணவியல் நிபுணர்கள் கூடவே இருந்து சொல்லிக்கொடுத்தும் அப்படி. எடை கூடியவர்கள் எல்லோரும் மனசு வைக்காதவர்களா?

மூன்றாம்சுற்று அண்ணன் சொன்ன இடைவெளிக் கணக்கு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இடைவெளி குறைய வேண்டுமானால் திரும்பி வரும் இடம் பக்கத்தில் இருக்க வேண்டும். 20 ரொம்ப தூரம்.

---

மூன்றாம்சுற்று

பாதிவழி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு 100 கிராம் சரிவரவில்லை. கொஞ்சம் ரொட்டி சாப்பிட்டால் இன்னும் கொஞ்சம் கேட்கும். எனக்கு 30 கிராம்தான் அமைதி. தங்கச்சி இரண்டையும் பார்த்து முடிவு செய்யட்டும்.

---

மழைவெயில்

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன்.

மருத்துவரிடம் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே காகிதத்தில் எழுதிவைத்துப் படித்தேன், குரல் நடுங்கியது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முன்பே சொல்லியிருந்தால் இந்த மாத்திரையைச் சேர்ப்பதற்கு முன் யோசித்திருப்பேனே அம்மா" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. கிளைமிபிரைடைப் பாதியாகக் குறைத்து, தினமும் காலையிலும் இரவிலும் சர்க்கரை பார்த்து ஒரு வாரம் கழித்து அனுப்பச் சொன்னார். எண்கள் இறங்கியதும் அதை நிறுத்திவிட்டார். ஒருநாள் மாலை மட்டும் மீட்டரில் 68 காட்டியது, கை நடுங்கியது. இரவுப்பணித் தங்கை சொன்னது நினைவிருந்தது, யோசிக்காமல் சர்க்கரையைக் கரைத்துக் குடித்தேன்.

80 கிராமில் இருக்கிறேன். 20 வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒரு வியாழன் இரவில் தொடங்கினேன், பழைய நோட்டில், விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில். முதலில் ஒரு வரி எழுதினேன்: "அப்பா மருத்துவமனையில் இருந்தார், பிஸ்கட் சாப்பிட்டேன்." பதினோரு மாதமாக எழுத முடியாமல் இருந்த வரி அது. எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் அழுதேன்.

எடை 77.4. இதில் பெரும்பகுதி தண்ணீர் என்று தெரியும் ஐயா. எட்டாம் நாள் அலுவலகத்தில் ஒருவருக்கு வழியனுப்பு விழா, இரண்டு துண்டு கேக் சாப்பிட்டேன். இரவு முட்டையும் கீரையும். நோட்டில் "இடைவெளி 1" என்று எழுதியிருக்கிறேன்.

நேற்று அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். நான் விட்டதையும், அன்று அந்த மேசையில் சொன்னது தவறு என்பதையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அக்கா, இரண்டாவது மாதம் நான் பத்து நாள் விட்டிருந்தேன். உங்களிடம் சொல்லத்தான் நினைத்தேன். மனசு வைக்காதவள் என்று நினைத்துவிடுவீர்களோ என்று சொல்லவில்லை. அந்தப் பத்து நாளும் உங்களுக்குத் தெரியாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன்" என்றாள்.

என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. மன்னித்துக்கொள் என்றேன். அந்தப் பத்து நாளுக்குப் பிறகு எப்படித் திரும்பி வந்தாய் என்று கேட்டேன். முதன்முறையாக அவள் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன், பேசி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. மிச்சத்தை நாளை சொல்கிறேன் என்றிருக்கிறாள். நாளை ஒரு மணிக்கே சாப்பிடப் போகிறேன்.